களிமண்ணில் பட்டர்ஃப்ளை மில்க்வீட்: முளைக்காத விதை, துளிர்க்காத வேர்

கேள்வி: அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சிகாகோ புறநகரில் வசிக்கிறோம். தோட்டம் களிமண். மோனார்க் பட்டாம்பூச்சிகளுக்காக, அவற்றின் புழுக்கள் தின்று வளரும், ஆரஞ்சு நிறத்தில் பூக்கும் பட்டர்ஃப்ளை மில்க்வீட் செடியை வளர்க்க விரும்பி, சென்ற ஏப்ரலில் தொட்டியில் விதைத்தேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. பிறகு ஒரு செடி வாங்கி, மக்கிய எரு போட்டு, புல்தரை ஓரமாக நட்டு, மரத்தூள் மூடாக்கு இட்டேன். கோடையில் பூத்தது. சாறு உறிஞ்சும் மஞ்சள் அசுவினிப் பூச்சி நிறைய வந்தது. காய் பிடிக்கவில்லை. இப்போது மே முதல் வாரம், இன்னும் துளிர் இல்லை. தோண்டிப் பார்க்கலாமா?

பதில்: தோண்ட வேண்டாம். பிரெய்ரிப் புல்வெளிச் செடிகளில் மிகவும் பிந்தி எழுந்து வருபவற்றில் இதுவும் ஒன்று. உங்கள் பகுதியில் மே நடுவில்தான் துளிர் தெரியும். குளிர் நீடித்தால் மாதக் கடைசிகூட ஆகும். செத்துவிட்டது என்று நினைத்து மண்வெட்டியால் வேரை வெட்டிவிடுவதால்தான் பல தோட்டங்களில் இந்தச் செடி போகிறது. இனி இலையுதிர் காலத்தில் காய்ந்த தண்டை அரையடி உயரம் விட்டு வெட்டுங்கள். வசந்தத்தில் இடம் தெரிய அதுவே அடையாளம்.

ஜூன் நடுவிலும் ஒன்றும் வராவிட்டால், விரலால் மண்ணை விலக்கி வேரின் தலைப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் மூடிவிட்டு இன்னும் பொறுக்கலாம். கொழகொழத்துப் பழுப்பேறியிருந்தால் அழுகிவிட்டது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அழுகலுக்கு வாய்ப்பு அதிகம். இதன் ஆணிவேர் கிழங்குபோல் தடித்து, மணற்பாங்கான வறண்ட மண்ணில் ஆழமாக இறங்குவது. அந்த வேரை எருவும் மூடாக்கும் புல்தரைக்குப் பாயும் தண்ணீரும் சேர்ந்து எப்போதும் ஈரத்திலேயே வைத்திருக்கின்றன. கோடையில் தாங்கிக்கொள்ளும். பனி உருகும் மார்ச், ஏப்ரலில் களிமண்ணில் தண்ணீர் வடியாமல் நிற்கும்போதுதான் வேர்த்தலை அழுகும்.

அடுத்த செடிக்கு இடத்தைச் சோதித்துவிட்டு நடுங்கள். ஓரடிக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றிய தண்ணீர் மறுநாளும் தேங்கி நின்றால் அந்த இடம் ஆகாது. களிமண்ணில் ஒன்றிரண்டு கூடை மணலைக் கொத்திக் கலப்பது வீண் வேலை. களியும் மணலும் சேர்ந்து இன்னும் இறுகும். அதைவிட, 8 முதல் 12 அங்குல உயரத்துக்கு மேடு கட்டுங்கள். பாதி தோட்ட மண், பாதி கரடுமுரடான மணல் அல்லது பொடிச் சரளை, எரு வேண்டாம். சத்து கூடினால் தண்டு நீண்டு சாயும், பூ குறையும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழ வேண்டும். செடிக்குச் செடி ஒன்றரை அடி. முதல் கோடையில் மட்டும் மண் காய்ந்தபின் தண்ணீர் விடுங்கள், அடுத்த ஆண்டிலிருந்து மழையே போதும். களிமண்ணைத் தாங்கும் வகையென்று தனியாகச் சொல்லி விற்கும் நாற்றுப்பண்ணைகளும் உண்டு; கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

மேடு கட்ட வசதியில்லாத ஈரமான மூலைக்கு இந்தச் செடியே வேண்டாம். இளஞ்சிவப்புப் பூவுடன் மூன்று, நான்கு அடி வளரும் ஸ்வாம்ப் மில்க்வீட் அங்கே நன்றாக வரும். அதுவும் உங்கள் மண்ணுக்கு உரிய செடிதான். மோனார்க் அதில் முட்டையிட இன்னும் அதிகமாக விரும்பும்.

விதை முளைக்காததற்குக் காரணம், அது குளிர்காலத்தைப் பார்க்கவில்லை. ஈரத்தோடு குளிரில் கிடந்தால்தான் இதன் உறக்கம் கலையும். எளிய வழி, நவம்பர் கடைசியில் மேட்டிலேயே விதைத்துக் கால் அங்குலம் மண் மூடி, எலியும் பறவையும் கிளறாமல் கம்பிவலை போட்டுவிடுவது. வீட்டுக்குள் செய்வதானால், ஈர மணலை ஒரு துளி நீரும் சொட்டாத அளவுக்குப் பிழிந்து, விதையோடு கலந்து பிளாஸ்டிக் பையில் கட்டி, ஃப்ரிட்ஜில் 4 டிகிரி செல்சியஸில் 30 நாள் வையுங்கள். உறைபெட்டியில் வைக்க வேண்டாம். பூஞ்சணம் பிடித்தால் ஈரம் அதிகம் என்று பொருள். ஏப்ரலில் எடுத்து, ஐந்து அங்குல ஆழமாவது உள்ள தொட்டியில், வெதுவெதுப்பான இடத்தில் விதையுங்கள். ஆழமில்லாத தட்டில் ஆணிவேர் சுருண்டுவிடும். நாற்று சிறிதாக இருக்கும்போதே, உறைபனி நின்றபின், நிரந்தர இடத்துக்கு மாற்றிவிடுங்கள். வளர்ந்த செடியைப் பெயர்த்து நட்டால் வேர் உடைந்து பெரும்பாலும் பிழைக்காது.

ஆகஸ்டுக்குப் பிறகு நட வேண்டாம். வேர் பிடிக்காத நாற்றை, மண் உறைந்தும் இளகியும் மாறும்போது குளிர்காலம் மேலே தள்ளிவிடும். முதல் குளிர்காலத்துக்கு மட்டும் மெல்லிய வைக்கோல் மூடாக்கு இட்டு, ஏப்ரலில் அகற்றிவிடுங்கள். விதையிலிருந்து வந்த செடி முதல் ஆண்டு ஒரு சாண் உயரம்தான் இருக்கும். பூக்க இரண்டு, மூன்று ஆண்டாகும். அதுவரை வேருக்குத்தான் உணவு போகிறது, கவலை வேண்டாம்.

அந்த மஞ்சள் அசுவினி நம் ஊர் எருக்கிலும் அரளியிலும் மொய்ப்பதுதான். மில்க்வீடும் எருக்கும் ஒரே குடும்பம். வளர்ந்த செடியை அது அரிதாகவே கொல்லும். மருந்து அடித்தால் மோனார்க் புழுவும் சாகும். வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும்கூட வேண்டாம். இலையின் அடியில் குண்டூசித் தலையளவில், மேலே வரிக்கோடுகளோடு, தனித்தனியாக ஒட்டியிருக்கும் வெளிர்மஞ்சள் மோனார்க் முட்டைகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அவை இல்லாத தண்டுகளில் நீரைப் பீய்ச்சியும், இருப்பவற்றில் விரலால் நசுக்கியும் அசுவினியை அகற்றலாம். செடி வாங்கும்போது நியோனிக்கோட்டினாய்டு வகைப் பூச்சிமருந்து இட்டதா என்று கேளுங்கள். அது திசுவுக்குள் ஊறித் தங்குவதால், உங்கள் தோட்டத்துக்கு வந்தபின்னும் புழுவைக் கொல்லும்.

ஒற்றைச் செடியாக இருந்ததால்தான் காய் இல்லை. தன் மகரந்தத்தில் இது பெரும்பாலும் காய்க்காது. வெவ்வேறு விதையில் பிறந்த மூன்று செடிகளாவது அருகருகே வேண்டும். செப்டம்பரில் காய் பழுக்கத் தொடங்கியதும் நூலால் இலேசாகக் கட்டிவையுங்கள். வெடித்தால் பஞ்சோடு விதை பறந்துவிடும். பிளந்து பார்க்கும்போது விதை பழுப்பாக இருந்தால் பறிக்கலாம், வெளுப்பாக இருந்தால் இன்னும் சில நாள் விடுங்கள். செடி நச்சுத்தன்மை உள்ளது. கையாண்டபின் கையைக் கழுவுங்கள், குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.