இரண்டு பேருக்கு எவ்வளவு உளுந்து?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி ஒரே ஜாதி. பிள்ளையைக் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு, காலி பெட்டியோடு பஸ் ஏறி வந்தவர்கள் எழுதியவை. என் வீட்டிலும் அதே கதைதான். மகன் கோவையில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. மகள் இந்த வருடம்தான் சென்னைக்குப் போனாள். உறையூர் வீட்டில் இப்போது நான், கணவர், மொட்டை மாடியில் பதினெட்டுத் தொட்டிகள். அவ்வளவுதான். அதனால் இந்த முறை புத்தகத்தைப் புரட்டாமல், பட்டுத் தெரிந்துகொண்டதையே சொல்கிறேன்.

*

அக்கா, இரண்டு பிள்ளைகளும் ஹாஸ்டலுக்குப் போய்விட்டார்கள். எங்களிடம் இருப்பது 2 லிட்டர் கிரைண்டர். வழக்கம்போல அரைத்தால் மாவு நாலாம் நாளே புளித்துவிடுகிறது. கொஞ்சமாகப் போட்டால் உளுந்து பொங்கவே மாட்டேன் என்கிறது. சின்ன கிரைண்டர் ஒன்று வாங்கிவிடலாமா?
– வாசகி, கும்பகோணம்

வாங்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

மகள் போன முதல் மாதம் நானும் பழைய கணக்கிலேயேதான் அரைத்தேன். எட்டு டம்ளர் இட்லி அரிசி, இரண்டு டம்ளர் உளுந்து. யோசித்துப் போட்டதில்லை, கை தானாக அளந்துவிட்டது. திங்கள் இட்லி, செவ்வாய் தோசை, புதன் ஊத்தப்பம், வியாழன் குழிப்பணியாரம். வெள்ளிக்கிழமை காலை என் கணவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். "இன்னிக்கு உப்புமா பண்ணேன்" என்றார். இருபத்து நாலு வருடத்தில் உப்புமாவைத் தட்டில் பார்த்தாலே முகம் சுளிக்கிற மனிதர் அவர். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மறுவாரம் ஒரேயடியாக அரை டம்ளர் உளுந்துக்கு இறங்கினேன். நீங்கள் சொல்கிற அதே தொல்லை. உளுந்து குறைவாக இருந்தால் கல்லுக்குக் கீழே நிற்காது. டிரம்மின் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும், கல் வெறுமனே சுற்றும். கரண்டியால் தள்ளித் தள்ளிவிட்டுக் கை வலித்ததுதான் மிச்சம். அரைத்த மாவைத் தண்ணீரில் கிள்ளிப் போட்டுப் பார்த்தால் பந்தாக மிதக்க வேண்டாமா? கல்லுப் போல அடியில் போய் உட்கார்ந்தது.

இப்போது நான் செய்வது இது. 2 லிட்டர் கிரைண்டரில் ஒரு டம்ளர் உளுந்துக்குக் கீழே போவதில்லை. அதற்கு நாலு டம்ளர் அரிசி. அரைத்ததும் மாவை இரண்டு பாத்திரமாகப் பிரித்துவிடுகிறேன். ஒன்றில் உப்புப் போட்டுக் கையால் கலந்து வெளியில் வைப்பது, வழக்கம்போல. இன்னொன்றில் உப்புப் போடாமல், பொங்க விடாமல், அப்போதே ஃபிரிட்ஜின் உள்பக்கம் தள்ளிவிடுவது. மூன்றாம் நாள் மத்தியானம் அதை வெளியே எடுத்து, குளிர் விட்டதும் உப்புப் போட்டுக் கலந்து வைத்தால் மறுநாள் காலையில் புதுசாக அரைத்த மாவு மாதிரியே பொங்கியிருக்கும். மத்தியானமே எடுக்க வேண்டும். ராத்திரி படுக்கப் போகும்போது எடுத்தால் குளிர் விடுவதற்குள் விடிந்துவிடும்.

குளிர்ந்த தண்ணீர் ஊற்றி மிக்ஸியிலேயே அரைத்துக்கொள்ளலாம் என்பார்கள். அவசரத்துக்குச் சரி. மிக்ஸி சூட்டில் உளுந்தின் இழுவை போய்விடுகிறது என்பது என் அபிப்பிராயம். மதுரை மல்லிக்கு மாதிரி கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கும் புவிசார் குறியீடு வாங்கி வைத்திருக்கிற மாநிலத்தில் இருந்துகொண்டு இதையும் சொல்லாவிட்டால் எப்படி?

கல்லைத் தூக்கி டிரம்மைக் கழுவ முதுகு ஒத்துழைக்கவில்லை என்றால் அது வேறு விஷயம். அப்போது சாய்த்துக் கவிழ்க்கிற டில்டிங் வகை வாங்குங்கள். அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

*

மகன் வெளியூரில் படிக்கிறான். அவன் அறை பூட்டியே கிடக்கிறது. எனக்கோ தையல் மெஷின் வைக்க இடமில்லாமல் ஹாலில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து தைக்கிறேன். அந்த அறையை எடுத்துக்கொள்ளலாமா? வீட்டுக்காரர் "பையன் வருத்தப்படுவான்" என்கிறார்.
– வாசகி, ஈரோடு

எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவனிடம் போனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு.

நான் சொல்லாமல் செய்தேன். மகள் கிளம்பிய மூன்றாவது வாரம், அவள் அறை ஜன்னலோரம் மெஷினைக் கொண்டுபோய்ப் போட்டேன். வெளிச்சம் அருமையாக விழும். கட்டிலில் துணிகளை அடுக்கினேன். அவள் படிப்பு மேஜையில் நூல்கண்டு, பாபின், கத்தரிக்கோல். சுதந்திர தின விடுமுறைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். அறைக்குள் போனவள் ஒன்றும் பேசவில்லை. மேஜையில் ஒரு மூலையில் இருந்த பென்சில் டப்பாவைத் திறந்தாள். உள்ளே கொக்கிகளும் பிரஸ் பட்டன்களும் கிடந்தன. மூடி வைத்துவிட்டு, "சாப்பிட என்னம்மா இருக்கு?" என்றாள். அன்று ராத்திரி ஹாலில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். ஃபேன் காற்று இங்கேதான் நன்றாக வருகிறதாம்.

மெஷின் இன்னமும் அங்கேதான் இருக்கிறது. மேஜையைத்தான் காலி செய்து கொடுத்துவிட்டேன். பென்சில் டப்பாவைக் கழுவிக் காயவைத்து, அவள் பேனாக்களைத் தேடிப் பிடித்துத் திரும்பப் போட்டு வைத்தேன். உங்கள் மகனுக்கும் கட்டில், மேஜை, அலமாரியில் ஒரு தட்டு, இந்த மூன்றையும் விட்டுவிட்டு மீதியை நீங்கள் ஆளுங்கள்.

*

மகளுக்கு 4 லட்சம் கல்விக் கடன் வாங்கியிருக்கிறோம், நாலு வருடப் படிப்பு. படித்து முடித்த பிறகு கட்டினால் போதும் என்கிறார்கள். மாதம் ஆயிரம், ரெண்டாயிரம் என்னால் ஒதுக்க முடியும். அதை நகைச் சீட்டில் போடட்டுமா, கடனில் கட்டட்டுமா?
– வாசகர், திண்டுக்கல்

கடனில்.

கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். எளிதாக இருக்க 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு ஒரு லட்சமாகக் கடன் எடுக்கிறீர்கள். முதல் வருட வட்டி 10,000. இரண்டாம் வருடம் 20,000. அப்புறம் 30,000, 40,000. படிப்பு முடிந்து கிடைக்கிற ஒரு வருட அவகாசத்துக்கு இன்னொரு 40,000. ஆக 1,40,000 ரூபாய். இந்தக் காலத்தில் போடுவது தனி வட்டிதான், ஆனால் கட்டாமல் விட்டால் தவணை ஆரம்பிக்கும்போது அசலோடு சேர்ந்துகொள்ளும். அதாவது 4 லட்சம் வாங்கிய பெண் 5,40,000-க்குத் தவணை கட்ட ஆரம்பிப்பாள். முதல் வேலை, முதல் சம்பளம், கையில் இந்தச் சுமை.

முதல் வருடம் மாதம் 833 ரூபாய் கட்டினாலே அந்த வருட வட்டி தீர்ந்தது. இரண்டாம் வருடம் 1,667. உங்கள் ஆயிரம், ரெண்டாயிரம் அங்கே அழகாகப் பொருந்துகிறது. மூன்றாம் வருடம் முழுசாக முடியாவிட்டால் முடிந்ததைக் கட்டுங்கள். படிக்கும்போதே வட்டி கட்டுகிறவர்களுக்கு வட்டி விகிதத்தைக் கொஞ்சம் குறைக்கிற வங்கிகள் உண்டு. உங்கள் கிளையில் வாய்விட்டுக் கேளுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். பழைய வரி முறையில் கணக்குக் காட்டுகிறவராக இருந்தால், கடன் உங்கள் பெயரிலும் இருக்கும் பட்சத்தில், கட்டிய வட்டிக்கு 8 வருடம் வரை கழிவு உண்டு. அசலுக்குக் கிடையாது.

நகைச் சீட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

*

மேடம், மகள் தினமும் போன் செய்கிறாள். ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றிப் புலம்புவதைத் தவிர வேறு பேச்சே இல்லை. என்ன செய்வது?
– வாசகி, கரூர்

சாப்பாட்டை மட்டும் குறை சொல்கிறாள் என்றால் மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். சாப்பாட்டைப் பற்றிப் பேசாமல் "ம், சாப்பிட்டேன்" என்று போனை வைக்கிற அன்றைக்குத்தான் நீங்கள் பஸ் பிடிக்க வேண்டும். இப்போதைக்குப் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் அனுப்புங்கள். புளிக்காய்ச்சல் மேலே நல்லெண்ணெய் ஒரு விரல் உயரம் நிற்கட்டும், ஈரக் கரண்டி போடாதே என்று மூடியில் எழுதி ஒட்டுங்கள். பாட்டிலைப் பாலிதீன் கவரில் போட்டுக் கட்டி, அதை இன்னொரு கவரில் போட்டுக் கட்டி... இரண்டாவது கவர் வேண்டாம் என்று நினைத்து என் மகனின் ஒரே நல்ல சட்டையை நான் மஞ்சளாக்கினேன்.

*

இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன் பைக் கேட்கிறான். தினமும் இரண்டு பஸ் மாறிப் போகிறான், அலைச்சல்தான். வாங்கித் தர வசதி இருக்கிறது. மனைவிக்குப் பயம். வண்டியை என் பெயரில் வாங்கிவிட்டால் அவன் கொஞ்சம் அடக்கமாக ஓட்டுவான் என்று நினைக்கிறேன். சரிதானே?
– வாசகர், சேலம்

வாங்கலாமா, கூடாதா என்பதை நீங்களும் வீட்டம்மாவும் பேசி முடிவு செய்யுங்கள். அதில் நான் தலையிட்டால் ஒருவர் என்னைத் திட்டுவார். ஆனால் "என் பெயரில்" என்றீர்களே, அங்கேதான் ஒரு சிக்கல்.

2018 செப்டம்பரிலிருந்து புது இருசக்கர வண்டிக்கு 5 வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அது வண்டி இடித்து யாருக்காவது ஏதாவது ஆனால் அவருக்காக. ஓட்டுகிறவருக்காக இருப்பது 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. அதன் பெயரிலேயே "உரிமையாளர்-ஓட்டுநர்" என்றுதான் இருக்கும். வண்டி யார் பெயரிலோ அவருக்குத்தான் அது செல்லும், அவரிடம் லைசென்சும் இருக்க வேண்டும். வண்டி அப்பா பெயரில், ஓட்டுவது மகன் என்றால் அந்தப் பணத்தை மகனுக்கென்று கேட்க முடியாது. எங்கள் வீட்டில் இது தெரிந்தது, ஷோரூமில் கையெழுத்துப் போட உட்கார்ந்த பிறகுதான். தாளைப் படித்துக்கொண்டிருந்த மகன், "அப்பா, இதுல நீங்க விழுந்தாதான் காசு" என்றான். பக்கத்து மேஜைக்காரர்கூடச் சிரித்துவிட்டார். அங்கேயே பெயரை மாற்றினோம்.

மகனுக்குப் பதினெட்டு ஆகிவிட்டது, அவன் பெயரிலேயே வாங்குங்கள். லைசென்ஸ் கையில் வந்த பிறகு வண்டி, முன்னால் வேண்டாம். ஹெல்மெட் இரண்டு வாங்குங்கள், பின்னால் உட்காரும் சிநேகிதனும் யாரோ பெற்ற பிள்ளைதான்.

*

எனக்கு ஐம்பது ஆகிறது. பிள்ளைகள் வீட்டில் இல்லை. எல்லோரும் "ஏதாவது ஹாபி வச்சுக்கோ" என்கிறார்கள். எனக்கு என்ன தெரியும் என்றே தெரியவில்லை.
– வாசகி, தஞ்சாவூர்

வாசலில் கோலம் போடுகிறீர்களா? தஞ்சாவூர்க்காரர், கண்டிப்பாகப் போடுவீர்கள். அதையே கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள்.

என் அம்மாவிடம் ஒரு கோல நோட்டு இருந்தது. பழைய டைரி, நீல மை. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் குறிப்பு: "7 புள்ளி 7 வரிசை நேர்", "7-4 இடுக்கு", இப்படி. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வரை எனக்குக் காலையில் இரண்டு நிமிடம்தான் கிடைக்கும், நாலு இழுப்பில் முடிகிற கோலம்தான். இப்போது அரை மணி நேரம் இருக்கிறது. 7-4 இடுக்குப் புள்ளியில், அதாவது நடு வரிசையில் 7 வைத்து இரண்டு பக்கமும் வரிசைக்கு ஒன்றாகக் குறைத்து 4-ல் நிறுத்தினால், மொத்தம் 37 புள்ளி. 15-8 போட்டால் 169. சிக்குக் கோலத்தை எடுத்தால் கம்பி கடைசியில் ஆரம்பித்த இடத்தில் வந்து சேர வேண்டும். சேராவிட்டால் எந்த வளைவில் தப்பு என்று தேடிக்கொண்டு வாசலில் குந்தியிருப்பேன். பால்காரர் சைக்கிளை இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்.

போன மாதம் மகள் கல்லூரியில் கோலப் போட்டி என்றாள். நோட்டின் ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் பதில்: "அம்மா, ஆறாவது வரிசையில ஒரு புள்ளி குறையுது." நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் அம்மாவின் கைப்பட்ட எண்ணெய்க் கறை, மை மங்கியிருந்தது. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் புள்ளி தெரிகிறது.

நாளைக்கே ஒரு நோட்டு வாங்குங்கள், கட்டம் போட்ட கணக்கு நோட்டு. உங்கள் கைக்குத் தெரிந்த கோலங்களை ஒவ்வொன்றாக எழுதி வாருங்கள். எத்தனை தெரியும் என்று அப்போது சொல்லுங்கள்.

*

போன இதழில், மிளகாய்ச் செடி இலை சுருட்டலுக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி வேப்பெண்ணெய் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியே அடித்தேன். செடி கருகிவிட்டது.
– வாசகி, நாமக்கல்

என் தப்பு. 5 மில்லிதான். ஒரு பூஜ்யம் என் கையால் கூடிவிட்டது, அச்சகத்தின் மேல் பழி போட வழியில்லை, கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்துவிட்டேன். ஒரு லிட்டருக்கு 5 மில்லி, அதோடு தண்ணீரில் கலப்பதற்காகக் கொஞ்சம் சோப்புக் கரைசல், நன்றாகக் குலுக்கி, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கத்திலும் படும்படி அடிக்க வேண்டும். வெயிலில் அடித்தால் 5 மில்லிகூட இலையைப் பொசுக்கும்.

செடியைப் பிடுங்கிவிடாதீர்கள். கருகிய கிளைகளை வெட்டி, வெறும் தண்ணீரால் இலைகளைக் கழுவிவிட்டு, நிழலில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். தண்டில் நகத்தால் கீறினால் பச்சை தெரிகிறதா? தெரிந்தால் துளிர்த்துவிடும். தெரியாவிட்டால் இந்தப் பத்திரிகையின் முகவரிக்கு ஒரு அஞ்சலட்டை போடுங்கள். என் மாடியில் சம்பா மிளகாய் பழுத்துக் காய்கிறது, விதை அனுப்புகிறேன்.