கைகழுவும் பேசினுக்கு நீர்வீழ்ச்சிக் குழாய் பூட்டலாமா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

நீர்வீழ்ச்சிக் குழாய் என்பது, அகன்று தட்டையான வாயினால் தண்ணீரை மெல்லிய திரைபோல் வழியவிடும் குழாய். சாதாரணக் குழாயின் நுனியில் காற்றைக் கலந்துவிடும் சிறு வலை உண்டு. இதில் பெரும்பாலும் அது இராது. எனவே தண்ணீர் பீய்ச்சப்படாமல், வாயில் பரவித் தன் எடையாலேயே சரிகிறது. மாரியில் கூரைப் பீலி வழிவதை நினைத்துக்கொள்ளுங்கள்: நீர் குறைந்தால் ஓரமாக ஒழுகும், போதிய அளவு வந்தால் திரையாக விழும்.

ஆகவே அழகுக்கு முன் மேல்தாங்கியின் உயரத்தைப் பார்க்க வேண்டும். 10 மீற்றர் உயரம் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். குழாய்க்கு 3 மீற்றர் மேலே தாங்கி இருந்தால் கிடைப்பது 0.3 பார்தான். பெட்டியில் 1 பார் தேவை என்றிருக்கும் குழாயை அங்கே பூட்டினால், திரை கிழிந்து ஒரு மூலையால் ஒழுகும்.

திருகோணமலையில், குறிப்பாக உப்புவெளிப் பக்கத்துக் கடலோர வீடுகளில், முலாம் பூசிய மலிவான துத்தநாகக் கலவை உப்புக் காற்றில் கொப்பளித்து உரியும். பித்தளையே என் தெரிவு (கையில் தூக்கினாலே கனம் தெரியும்). கிணற்றுநீரின் வெண்படிவு விளிம்பில் கடுகளவு ஒட்டினாலும் திரை இரண்டாகப் பிளக்கும். நீர் கலந்த வினாகிரியில் நனைத்த துணியால் துடைத்து, உடனே கழுவிவிட வேண்டும். பேசின் ஆழமற்றதாயின், விழும் நீர் தெறித்துச் சட்டையை நனைக்கும்.

மெதுவாக விழுவதால் தண்ணீர் மிச்சமாகும் என்று பலர் எண்ணுகின்றனர். காற்றுக் கலப்பு இல்லாததால் கூடுதலாகவே செலவாகலாம், நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் என்பதே கணக்கு.