சோறு வைத்தால் கட்டிலுக்கடியில் தூக்கிக்கொண்டு ஓடுகிறான்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

யாங்கூன் திங்கான்ஜுனில் கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். டீக்கடை வாசலில் வளர்ந்த நாய் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. பெயர் மணி. வளர்ந்த நாய், 12 கிலோ இருப்பான். வெறிநாய்த் தடுப்பூசி போட்டாயிற்று.

இவன் தின்கிற விதம்தான் புரியவில்லை. கிண்ணத்திலிருந்து ஒரு வாய் கவ்விக்கொண்டு கட்டிலுக்கடியில் போய், அங்கே துப்பித் தின்கிறான். பிறகு வந்து அடுத்த வாய். யாராவது நின்று பார்த்தால் அதுவும் கிடையாது. சில நாள் மூக்கால் தரையைத் தள்ளித் தள்ளி, இல்லாத மண்ணைப் போட்டு மூடுகிறான். சில நாள் ஒரே மூச்சில் விழுங்கி, கக்கி, கக்கியதையே தின்கிறான். போன வாரம் தன் மலத்தையே தின்றுவிட்டான்.

அத்தை ஆசையாக மீன் குழம்புச் சோறு பிசைந்து வைத்தால் முகர்ந்துவிட்டுப் போகிறான். அப்புறம் பார்த்தால் குப்பைக் கூடையில் மொய்ங்கா (மீன் சாறு ஊற்றிய பர்மிய நூடுல்ஸ்) வாங்கி வந்த பையை நக்கிக்கொண்டிருக்கிறான். "நான் போட்ட சோறு அதுக்கு இளப்பமாப் போச்சா?" என்று அத்தைக்கு வருத்தம். தின்னும்போது கிண்ணத்தைப் பிடுங்கினால்தான் எஜமான் யாரென்று தெரியும் என்று வீட்டுக்காரர் பிடுங்கிப் பிடுங்கி வைக்கிறார். இப்போது 7 வயது மகன் அந்தப் பக்கம் போனாலே மணி உறுமுகிறான். நாயைக் கொண்டுவந்தவள் நான் என்பதால் இரண்டு பக்கப் பேச்சும் எனக்குத்தான். திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடலாமா?

பெயர் வேண்டாம், யாங்கூன்.

* * *

அன்புச் சகோதரிக்கு,

உறுமலில் இருந்து தொடங்குகிறேன். மற்றவை காத்திருக்கலாம், இது காத்திருக்காது. கிண்ணம் பிடுங்குவதை உங்கள் வீட்டுக்காரர் இன்றே நிறுத்த வேண்டும். எஜமான் யார் என்பதை நாய் அதிலிருந்து கற்றுக்கொள்வதில்லை. தின்னும்போது மனிதர் கிட்ட வந்தால் சோறு போய்விடும் என்பதைத்தான் கற்றுக்கொள்கிறது. டீக்கடை வாசலில் மற்ற நாய்களிடம் அது ஏற்கெனவே படித்த பாடம்தான் இது. உறுமியதற்கு அடிக்கவும் கூடாது. உறுமல் என்பது எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் அடுத்த முறை எச்சரிக்காமல் கடிக்கலாம். பையனுக்கு ஒரே விதி: மணி தின்னும்போது அந்த அறைக்குள் போகக் கூடாது. பெரியவர்களும் மறந்துவிடுவார்கள் என்பதால் கதவைச் சாத்திவிடுவது உத்தமம்.

உறுமலை மாற்றப் பயிற்சி உண்டு. ஆள் வந்தால் சோறு போகாது, கூடுதலாக வரும் என்று நாய்க்குத் தெரிய வேண்டும். எலும்பும் தோலும் எடுத்த வேகவைத்த கோழியைக் கட்டைவிரல் நகம் அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். அவன் சாதாரணமாகத் தின்றுகொண்டிருக்கும்போது 10 அடி தூரத்தில் நின்று ஒரு துண்டைக் கிண்ணத்தின் பக்கம் போட்டுவிட்டு உடனே திரும்பிப் போய்விடுங்கள். ஒரு வேளைக்கு நான்கைந்து தடவை போதும். காலடிச் சத்தம் கேட்டதும் தலையைத் தூக்கி, வாலைத் தளர்வாக ஆட்டி, 'எங்கே துண்டு?' என்று பார்க்க ஆரம்பித்த பிறகே ஒரு அடி கிட்டப் போகலாம். உடம்பு விறைத்தாலோ, தின்னும் வேகம் திடீரென்று கூடினாலோ, தலையைக் கிண்ணத்திலேயே வைத்துக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரப் பார்வை பார்த்தாலோ நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள். இரண்டு அடி பின்னால் போங்கள். பலரும் தவறுவது இங்கேதான். இரண்டு நாள் நன்றாகப் போனதும் மூன்றாம் நாள் கிண்ணத்தருகே போய் நின்றுவிடுவார்கள், பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகும். மகன் இந்தப் பயிற்சியில் சேர வேண்டாம்.

கவ்விக்கொண்டு ஓடுவதும் அதே பயம்தான், ஆனால் ஆபத்தில்லாதது. கிண்ணம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அடுப்படி வழியில், முதுகுப் பக்கம் ஆள் நடமாட்டம் இருந்தால் எந்தத் தெருநாயும் அங்கே நின்று தின்னாது. எவர்சில்வர் கிண்ணம் தரையில் உராய்ந்து எழுப்பும் சத்தமும் சில நாய்களை மிரட்டும். ஒரு மூலையில் மடித்த சாக்கை விரித்து, அதன்மேல் தட்டையான பீங்கான் தட்டை வையுங்கள். அவன் முதுகு சுவரோரம் இருந்து வாசலைப் பார்க்கும்படி அமைய வேண்டும். வைத்துவிட்டு வெளியே போய்விடுங்கள். பாசத்தோடு பக்கத்தில் நின்று "சாப்புடுடா கண்ணு" என்பது நமக்குத்தான் பாசம். 20 நிமிடம் கழித்து, அவன் அறையைவிட்டு வந்த பிறகு, மிச்சத்தை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு நாளும் அதே இடம், அதே நேரம். மூக்கால் தரையைத் தள்ளுவது மிச்சத்தைப் புதைத்துப் பதுக்கும் பிறவிக் குணம். பசியில்லை, அல்லது பிறகு வேண்டும் என்று பொருள். அளவைக் கொஞ்சம் குறையுங்கள், அவ்வளவுதான்.

விழுங்கிக் கக்குவதற்குத் தாம்பாளம் போதும். சோற்றை மெல்லிசாகப் பரப்பி வைத்தால் ஒரே வாயாக அள்ள முடியாது. இரண்டு வேளைச் சோற்றை மூன்றாகப் பிரியுங்கள். தின்ற சில நிமிடங்களில், வயிறு குமட்டி எக்காமல், உணவு அப்படியே வந்தால் அவசரத்தால் வந்தது. அதைத் திரும்பத் தின்பது நாய்க்கு அருவருப்பில்லை. வயிறு எக்கி எக்கி மஞ்சளாகவோ நுரையாகவோ வந்தால் அது வாந்தி. ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை வந்தால் மருத்துவரிடம் போங்கள்.

மலம் தின்பது நாய்களிடம் சாதாரணம். குடற்புழு, செரிமானக் கோளாறு, பட்டினிப் பழக்கம் மூன்றும் காரணமாகலாம். மலத்தைப் பரிசோதித்து, புழு மருந்தை எடைக்குத் தகுந்தபடி கொடுக்கச் சொல்லுங்கள். மலம் கழித்தவுடனே அள்ளிவிடுங்கள். கத்தாதீர்கள், கத்தினால் ஆள் வருவதற்குள் விழுங்கவேண்டும் என்றுதான் பழகும்.

இனி அத்தையின் சோறு. மணி முகர்ந்துவிட்டுப் போனது அவனுக்கு நல்லதாகவே போயிற்று. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும், வெந்தாலும் விஷம் குறையாது. உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போனாலே இரத்தத்தில் மாற்றம் தெரியும். மணிக்கு 180 கிராம் என்று வையுங்கள், இரண்டு பெரிய வெங்காயம். பூண்டு அதைவிடக் கடுமை. கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் போனாலும் சேர்ந்துகொள்ளும், சோர்வும் வெளுத்த ஈறும் சில நாள் கழித்துத்தான் தெரியவரும். நம் வீட்டுக் குழம்பிலும் பர்மியக் கறிகளிலும் இவை இரண்டும் அடித்தளம். மொய்ங்காச் சாறும் அப்படியே, அந்தக் குப்பைக் கூடைக்கு இன்றே கனமான மூடி போடுங்கள். ஙாப்பியில் (புளிக்கவைத்த மீன், இறால் விழுதில்) உப்பு அதிகம். வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

12 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 700 கலோரி வேண்டும். பாக்கெட் நாய் உணவென்றால் பெரும்பாலும் 180 முதல் 200 கிராம். ஒரேயடியாக மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும். முதல் மூன்று நாள் கால் பங்கு பாக்கெட் உணவும் முக்கால் பங்கு கோழிச் சோறும், அடுத்த மூன்று நாள் பாதிப் பாதி, பிறகு முக்கால் பங்கு, பத்தாம் நாள் முழுதாக மாறலாம். உலர்ந்த உணவை வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்தால் மணம் கிளம்பும், பழகிவிடுவான். வெறும் கோழியும் சோறும் மாதக்கணக்கில் போட்டால் சுண்ணாம்புச் சத்து போதாது. கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் சமைத்ததைக் குளிர்பெட்டியை நம்பி மூன்று நாள் வைக்காதீர்கள்.

அத்தையிடம் "உங்க சோறு விஷம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சோற்றை அன்பாகவே கொடுத்துப் பழகியவர், அதை நாய் மறுத்தது அவருக்குத் தன்னையே மறுத்ததுபோல. கோழி வேகவைத்து நறுக்கும் பொறுப்பையும், துண்டு போடும் வேலையையும் அவரிடமே கொடுங்கள். நான் பார்த்தவரையில் இதைவிட வேகமாக நாயைச் சிநேகமாக்கும் வேலை கிடையாது. வீட்டுக்காரரிடம் வாதாட வேண்டாம். ஆறு வாரம் பிடுங்காமல் இருங்கள், பிறகு பேசலாம் என்று தேதி குறித்துக் கேளுங்கள். நாயைக் கொண்டுபோய் விடும் பேச்சையும் மூன்று மாதம் ஒத்தி வையுங்கள். வீடு மாறிய நாய் உண்மையாக நிலைகொள்ள அவ்வளவு காலம் பிடிக்கும். இடையில் கடித்தாலோ, பையனை ஒதுக்கி வைத்தும் உறுமல் கூடினாலோ காத்திருக்காமல் எழுதுங்கள்.

ஒரு முழு நாள் ஒன்றும் தின்னாமல் சோர்ந்து படுத்தால் மருத்துவர். உண்ணிக் காய்ச்சலிலும் பசி போகும். தடுப்பூசிக்கு முன்பே வெறிநாய் நோய் தொற்றியிருக்க வாய்ப்புண்டு என்பதால் இதையும் சொல்கிறேன்: தின்ன ஆசைப்பட்டும் விழுங்க முடியாமல், தாடை தொங்கி, எச்சில் வழிந்து, குணம் மாறினால் தொண்டையில் எலும்பு என்று வாயில் கை விடாதீர்கள். அறையில் அடைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். யாரையாவது கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும்.