அலூசியன் தாழ்வழுத்தமும் லாபிஸ் செம்பனையும்

கேள்வி: ஜொகூரில் லாபிஸ் பக்கம் நாலு ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப் பனை) வைத்திருக்கிறேன். "அலாஸ்கா பக்கம் தாழ்வழுத்தம் வலுத்துவிட்டது, இந்த வருடம் வெள்ளம் கடுமை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. யூரியா மூட்டை வாங்கி வைத்துவிட்டேன். டிசம்பரில் போடலாமா?

பதில்: வேண்டாம், தள்ளிப்போடுங்கள். ஆனால் அந்தச் செய்தியை நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.

அதில் சொல்லியிருப்பது அலூசியன் தாழ்வழுத்தம். வட பசிபிக்கில் அலூசியன் தீவுகளை ஒட்டிக் குளிர்காலத்தில் வலுப்பெறும். கோடையில் இருக்குமிடம் தெரியாது. அதே குளிர்காலத்தில் சைபீரியாவில் குளிர்காற்று தேங்கி உயரழுத்தம் உண்டாகிறது. இரண்டுக்கும் இடையே அழுத்த வேறுபாடு கூடும்போது வடகாற்று சீனா வழியாகத் தெற்கே பாயும். தென்சீனக் கடலைத் தாண்டி நம்மிடம் வருவதற்குள் குளிரெல்லாம் போய், கடலில் அள்ளிய ஈரம்தான் மிஞ்சும். கிளந்தான் முதல் ஜொகூர் வரை ஆண்டிறுதியில் அடைமழையாகக் கொட்டுவது அதுதான். 2001 டிசம்பரில் அப்படி வந்த காற்று போர்னியோ பக்கத்துச் சுழலோடு சேர்ந்து, பூமத்திய ரேகைக்கு மிக அருகே வாமேய் புயலாகி, 27ஆம் தேதி ஜொகூரில் கரையேறியது.

அப்படியானால் தாழ்வழுத்தம் வலுத்தால் நமக்கு மழை கூட வேண்டுமே? கூடும் என்று சொல்ல முடியாது. எல் நினோ, அதாவது பசிபிக்கின் நடு, கிழக்குப் பகுதிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் குளிர்காலங்களில் அது பெரும்பாலும் வலுக்கிறது, கூடவே கிழக்கே நகர்ந்தும் விடுகிறது. ஆசியப் பக்கம் பருவக்காற்று தளர்கிறது. அதே கடல் குளிரும் லா நினாவில் அது வலுவிழக்கிறது, நமக்கோ மழை அதிகமாகும் வாய்ப்பு. 1976-77க்குப் பிறகு பல ஆண்டுகள் இந்தத் தாழ்வழுத்தம் வலுவாகவே இருந்தது. அதன் பலன் பளிச்சென்று தெரிந்த இடம் அலாஸ்கா: தெற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று ஏறி, அங்கே குளிர் குறைந்தது. எவ்வளவு வலு என்பதோடு எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்காமல் லாபிஸ் வெள்ளத்தைச் சொல்வது வெறும் பயமுறுத்தல்.

யூரியாவுக்கு மண்ணில் ஈரமும் லேசான தூறலும் போதும். அடைமழையில் கரைந்து ஓடையோடு போய்விடும், போட்ட காசும் அதோடு போகும். மூட்டைகளைப் பலகை மேல் அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடிவையுங்கள். பிப்ரவரியில் மழை தணிந்ததும் போடுங்கள். மேட்டு நிலமென்றால் வெறும் தரையில் தூவாமல், வெட்டிய மட்டைகளை அடுக்கியிருக்கும் வரிசை மேல் தூவுங்கள். அதுவரை வானிலைத் துறையான மெட் மலேசியாவின் தொடர்மழை எச்சரிக்கையைத் தினமும் பாருங்கள். ஆரஞ்சு நிறம் (கடும் மழைக்கான எச்சரிக்கை) வந்துவிட்டால், தாழ்வான பகுதியில் அறுத்துப் போட்ட குலைகளை அன்றைக்கே லாரியில் ஏற்றிவிடுங்கள்.