சனிக்கிழமை வகுப்பு பலன் தந்ததா என்று எப்படிப் பார்ப்பது?

உங்கள் பாடசாலையின் சனிக்கிழமை உயர்தர (A/L) ஆயத்த வகுப்புக்கு வந்த 40 பேரில் பாதிப்பேர் பல்கலைக்கழகம் போனார்கள், வராதவர்களில் சிலரே போனார்கள் என்கிறீர்கள். அதை வைத்து வகுப்பு வெற்றி என்று வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுத முடியாது.

பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்: ஏற்கெனவே நன்றாகப் படிக்கிற, பாடசாலைக்குப் பக்கத்தில் இருக்கிற பிள்ளைகள் வந்திருப்பார்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து சனிக்கிழமை பஸ் பிடித்து வருவது லேசான காரியமில்லை. வராத பிள்ளைக்கு அக்கறை இல்லை என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள்.

சரி, இப்படிச் செய்து பாருங்கள்:

1. எல்லோருடைய சாதாரணதரப் (O/L) பெறுபேற்றையும் எடுங்கள். ஒரே துறையில், ஏறக்குறைய ஒரே பெறுபேறு உள்ளவர்களுக்குள் மட்டும் வந்தவர், வராதவரை ஒப்பிடுங்கள்.

2. வகுப்புக்கு வருவதை இடையில் நிறுத்தியவர்களையும் வந்தவர் பக்கமே எண்ணுங்கள். இதைத்தான் பலர் விடுகிறார்கள். விட்டால் கணக்கு தானாகவே அழகாகிவிடும்.

3. அனுமதி கிடைத்ததா என்பதைவிட இசட் புள்ளியை (பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணிக்கும் உயர்தரப் புள்ளி) பாருங்கள். பெரும்பாலான கற்கைநெறிகளில் 55 வீத இடங்கள் மாவட்ட அடிப்படையில் போகின்றன, வெட்டுப்புள்ளி (அனுமதிக்கு வேண்டிய குறைந்தபட்ச இசட் புள்ளி) ஆண்டுக்காண்டு மாறும். அதே புள்ளிக்கு மட்டக்களப்பில் இடம் கிடைக்கலாம், கொழும்பில் கிடைக்காமல் போகலாம். அது உங்கள் வகுப்பின் பலன் அல்ல.

அப்புறம் ஒன்று: பிரித்துப் பார்க்கும்போது ஒரு குழுவில் ஐந்தாறு பேர்தான் மிஞ்சுவார்கள். ஒரு பிள்ளையின் பெறுபேறே சராசரியைப் புரட்டிவிடும். இரண்டு மூன்று தொகுதி மாணவர்களைச் சேர்த்துப் பார்க்கும்வரை வகுப்பை நிறுத்தவும் வேண்டாம், வெற்றி என்று அறிவிக்கவும் வேண்டாம்.