ஏஜண்டு கேட்கும் 500 வெள்ளியைக் கொடுக்கும் முன்

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் செம்பனை வெட்டுகிறார். மகள் ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு எழுதி, தமிழில் ஏ, மலாயில் பி, அறிவியலில் சி பிளஸ், கணிதத்திலும் வரலாற்றிலும் சி, நன்னெறியில் பி பிளஸ் எடுத்திருக்கிறாள். ஆங்கிலம் மட்டும் ஈ. தாதியாக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். போன வாரம் ஓர் ஏஜண்டு வீட்டுக்கே வந்து, 18 மாதப் படிப்பில் நர்ஸ் ஆகிவிடலாம், லேப்டாப் இலவசம், இடத்தைப் பிடிக்க இன்றே 500 வெள்ளி கட்டுங்கள் என்றார். அவள் அப்பாவோ, ராத்திரி வேலை, ஊரார் மலத்தை அள்ளுகிற வேலை, வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?

பதில்: சகோதரி, அந்த 500 வெள்ளி உங்கள் பையிலேயே இருக்கட்டும். உங்கள் மகளின் மதிப்பெண்ணுக்கு அவசரப்படுத்தும் ஆள் தேவையே இல்லை.

நம் நாட்டில் ஒருவரைத் தாதி ஆக்குவது கல்லூரி தரும் சான்றிதழ் அல்ல, மலேசியத் தாதியர் வாரியத்தின் பதிவு. 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டப்படி நடப்பது அந்த வாரியம். டிப்ளோமா மூன்று ஆண்டு. அதன் முடிவில் வாரியம் நடத்தும் தேர்வில் தேறினால்தான் பதிவுபெற்ற தாதி, மலாயில் சொன்னால் ஜுருராவாட் பெர்டாஃப்தார். அப்புறமும் ஆண்டுதோறும் பணி உரிமச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். 18 மாதச் சான்றிதழ் படித்தவர் முதியோர் இல்லத்திலோ கிளினிக்கிலோ பராமரிப்பு உதவியாளராக வேலை செய்யலாம். அதுவும் மரியாதையான வேலைதான். ஆனால் அதை நர்சிங் என்று சொல்லி விற்பது பொய். அந்தச் சான்றிதழோடு வாரியத் தேர்வு எழுத முடியாது. இப்படி ஏமாந்து, கடனை மட்டும் சுமந்துகொண்டு வந்த தோட்டத்துப் பிள்ளைகளை வார்டில் உதவியாளர்களாகப் பார்த்திருக்கிறேன். மூன்று ஆண்டு படித்த பிள்ளைக்குள்ள அத்தனை கெட்டித்தனமும் அவர்களிடம் இருந்தது.

மகளின் தகுதியைப் பார்ப்போம். டிப்ளோமாவுக்கு வழக்கமாகக் கேட்பது ஐந்து கிரெடிட். மலாய், கணிதம், ஓர் அறிவியல் பாடம், கூடவே வேறு இரண்டு பாடங்கள். ஆங்கிலத்தில் தேர்ச்சி போதும். சி வரை கிரெடிட், ஈ என்றால் தேர்ச்சி. ஆக, அவளிடம் ஆறு கிரெடிட் இருக்கிறது. அந்த வேறு இரண்டில் தமிழும் ஒன்றாகக் கணக்கில் வரும். எஸ்.பி.எம்.மில் தமிழ் எடுத்து என்ன பயன் என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். நுழைவு நிபந்தனைகள் அவ்வப்போது மாறுவதால் விண்ணப்பிக்கும் மாதத்தில் வாரியத்தின் இணையப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முதலில் முயல வேண்டியது சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகம். விண்ணப்பம் எந்த வழியாகப் போகும் என்று அமைச்சிடமே கேட்டுக்கொள்ளுங்கள். படிப்புச் செலவு அரசாங்கத்தினுடையது, மாத உதவித்தொகையும் உண்டு. போட்டி கடுமைதான். ஆனாலும் இதற்கு விண்ணப்பிக்காமலே தனியார் கல்லூரிக்குப் போவது, இருக்கிற கிணற்றை விட்டுவிட்டுத் தண்ணீருக்குக் காசு கொடுப்பதுபோல.

அது கிடைக்காவிட்டால் தனியார் கல்லூரி. கட்டணம் பல பத்தாயிரம் வெள்ளி வரும். அதனால் ஏஜண்டிடம் அல்ல, கல்லூரி அலுவலகத்திலேயே மூன்று விஷயங்களைக் கேளுங்கள். இந்தப் படிப்பு எம்.கியூ.ஏ., அதாவது மலேசியத் தகுதி நிர்ணய அமைப்பின் அங்கீகாரப் பதிவேட்டில் எந்தப் பெயரில் இருக்கிறது? மாணவர்களைத் தாதியர் வாரியத்தில் பயிற்சியாளர்களாகப் பதிந்து இண்டெக்ஸ் எண் வாங்கித் தருகிறீர்களா? வார்டு பயிற்சி எந்த மருத்துவமனையில்? மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். நோயாளியைத் தொடாமல் யாரும் தாதியாக முடியாது.

பி.டி.பி.டி.என். என்னும் அரசாங்கக் கல்விக் கடன் அங்கீகாரம் பெற்ற படிப்புக்குத்தான் கிடைக்கும், அதற்கு எஸ்.எஸ்.பி.என். என்னும் கல்விச் சேமிப்புக் கணக்கு திறந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம். பாதியில் நின்றாலும் வாங்கிய பணத்தைக் கட்டித்தான் ஆக வேண்டும். இலவச லேப்டாப்பின் விலையும் பெரும்பாலும் கட்டணத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும்.

கணிதத்தில் ஏன் கிரெடிட் கேட்கிறார்கள் என்று பல பிள்ளைகள் கேட்பார்கள். டாக்டர் 500 மில்லி டிரிப்பை நான்கு மணி நேரத்தில் ஏற்றச் சொல்கிறார். கையில் இருக்கும் குழாயில் 20 சொட்டு ஒரு மில்லி. மொத்தம் 10,000 சொட்டு, 240 நிமிடம், ஆக நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. மெஷின் இல்லாத நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சொட்டை எண்ணிச் சரிசெய்வது தாதியின் கைதான். உங்கள் மகளின் கணிதம் இதற்குப் போதும். எனக்குக் கவலை ஆங்கிலத்தில்தான். பாடப் புத்தகம், மருந்து லேபிள், டாக்டரின் குறிப்பு எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். வகுப்பு தொடங்கும் வரை கிடைக்கும் மாதங்களில் அதை மட்டும் உழைத்துப் படிக்கட்டும்.

இனி, அவள் அப்பா சொன்னது. இதைத் தள்ளிவிட மாட்டேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த டிரெசர் ஐயாவுக்கும் தாதி மிஸ்ஸிக்கும் கும்பிடு போட்ட தலைமுறைதான் நாமும். ஆனாலும் பெற்ற பிள்ளை பெட் பேன் தூக்குவாள் என்றால் யாருக்கும் மனம் சுருங்கும். நான் தாதிப் படிப்புக்குப் போனபோது என் அப்பாவும் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

ஒரு காலை ஷிஃப்டில் நடந்ததைச் சொல்கிறேன். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த பாட்டி, பால்மரம் சீவியவர். படுக்கையை நனைத்துவிட்டு வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பயிற்சிக்கு வந்த பிள்ளையை அழைத்துக்கொண்டு துடைக்கப் போனேன். ஒருக்களித்துத் திருப்பியதும், முதுகு முடிகிற இடத்தில் எலும்பின் மேல் கை வைத்துப் பார்க்கச் சொன்னேன். படுக்கைப் புண் தொடங்கும் இடம் அதுதான். விரலால் அழுத்தினால் வெளுக்காத சிவப்பு என்று புத்தகத்தில் போட்டிருக்கும். நம் கறுத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக, கொஞ்சம் கெட்டியாக இருக்கிறதா என்று கைதான் சொல்லும். இருந்தது. அன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாட்டியைத் திருப்பிப் படுக்க வைத்தோம். புண் வரவில்லை. மலம் அள்ளுகிற நேரத்தில்தான் தாதி நோயாளியின் உடம்பைப் படிக்கிறாள், சகோதரி.

அந்தப் பாட்டி டாக்டரிடம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். துடைத்துவிட்டுச் சேலையைச் சரிசெய்யும்போதுதான், "இனிப்பு நீர் மாத்திரையைப் பக்கத்து வீட்டு அக்காவோடு பாதிப் பாதியாகச் சாப்பிடுகிறோம் ஆயி" என்றார். அது தமிழில் வந்த வார்த்தை. உங்கள் மகளைப் போன்ற ஒருத்திதான் அதைக் கேட்க முடியும்.

ராத்திரி வேலை உண்மை, மறைக்க மாட்டேன். ஏறக்குறைய காலை 7 முதல் 2, மாலை 2 முதல் 9, இரவு 9 முதல் காலை 7 என்று மூன்று ஷிஃப்டு. தீபாவளி அன்றும் வார்டு மூடாது. முதல் ஆண்டில் முதுகும் பாதமும் வலிக்கும், சில பிள்ளைகள் அழுவார்கள். இரண்டு மூன்று ஆண்டு கழித்து பிரசவம், சிறுநீரகம், தீவிரச் சிகிச்சை என்று பிடித்த துறையில் போஸ்ட் பேசிக் என்னும் சிறப்புப் பயிற்சிப் படிப்பு எடுக்கலாம். பட்டப்படிப்புக்கும் வழி உண்டு.

கையெழுத்துப் போடும் முன், அவள் அப்பாவையும் ஒருநாள் கல்லூரிக்கு அழைத்துப் போங்கள். ஹாஸ்டல் அறையையும் கதவுப் பூட்டையும் அவரே பார்க்கட்டும். ராத்திரி 9 மணிக்கு ஷிஃப்டு முடிந்த பிள்ளைகள் எந்த வண்டியில் திரும்புகிறார்கள் என்று அவர் வாயாலேயே கேட்கட்டும்.