லேசான காதல் நகைச்சுவை நாவல்கள் பெரும்பாலும் ஏமாற்றுவது ஏன்? என் எதிர்பார்ப்புதான் தவறா?

நாலு பேர் புகழ்ந்ததை நம்பி ஒரு நாவலைத் தரவிறக்கி, பாதியைத் தாண்டியும் ஓரிடத்தில்கூடச் சிரிப்பு வராமல், குறை நம்மிடம்தானோ என்ற ஐயத்தோடு இதைக் கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் எதிர்பார்ப்பில் ஒரு தவறும் இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இவ்வகைக் கதைகளை இளக்காரமாகப் பார்ப்பவள் அல்ல நான். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடம் படித்த நாளிலிருந்தே, வாடகை நூலகத்தில் விலையில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்து மாத நாவல்களை எடுத்துவந்து படித்தவள். பெண்கள் எழுதிப் பெண்கள் படிப்பதாலேயே அவை மட்டம் என்று பேசுகிறவர்களோடு இன்றும் சண்டைக்குப் போகிறவள். ஆகவே, இலக்கியம் படித்த திமிரில் பேசுகிறாள் என்று யாரும் பின்னூட்டம் எழுத வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு அம்மாவுக்குக் கண்புரை அறுவை நடந்தது. சொட்டு மருந்து விடும் நேரம் போக மற்ற நேரத்தில் ஏதாவது வாசித்துக் காட்டும்படி கேட்டாள். எங்கள் ஊரான அம்பாசமுத்திரத்தில் நடக்கும் கதை, வயிறு குலுங்கச் சிரிக்கலாம் என்று நட்சத்திரங்களை அள்ளிக் கொடுத்திருந்தார்கள் என்பதால் ஒரு மின்னூலை வாங்கினேன். சென்னையிலிருந்து வரும் நாயகி, நாயகன் தன் சித்தி மகளோடு சிரித்துப் பேசுவதைப் பார்த்துத் தப்பாக நினைத்துக்கொண்டு, பதினான்கு அத்தியாயங்கள் அவனோடு பேசாமல் இருக்கிறாள். ஐந்தாவது அத்தியாயத்திலேயே அம்மா கேட்டுவிட்டாள்: “ஏளா, யாரு அந்தப் பிள்ளைன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா கதை அன்னைக்கே முடிஞ்சிருக்கும்லா?”

ஊர் விவரங்களைச் சொல்லவே வேண்டாம். நாயகன் நாயகியை “ஏலே” என்று கொஞ்சுகிறான். அது ஆண்பிள்ளையைக் கூப்பிடும் சொல். பெண்ணை “ஏளா” என்போம். சித்திரையில் குற்றாலத்தில் சாரல் அடிக்கிறது. கடைசியில் முகூர்த்தப் பந்தியில் சொதி பரிமாறுகிறார்கள். அம்மா கையை நீட்டி என்னை நிறுத்தினாள். “கல்யாணத்தன்னைக்கே எவன்ளா சொதி வைப்பான்?” சொதி என்பது திருமணத்துக்கு மறுநாள், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டார் போடும் மறுவீட்டுச் சாப்பாடு. தேங்காயை மூன்று பால் எடுத்து, வேகவைத்த பாசிப்பருப்பும் காய்களும் சேர்த்து, இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்து, பக்கத்தில் இஞ்சித் துவையல் வைப்பார்கள். இதில் நாள் பிசகினால் நகைச்சுவைக்கே இடமில்லை. ஏனென்றால் அந்த ஊரின் நகைச்சுவை முழுவதும் அந்த மறுநாளில்தான் இருக்கிறது.

அம்மாவின் சொந்தக் கதையே அதற்குச் சாட்சி. அவளுடைய மறுவீட்டுப் பந்தியில் அவள் கையால் பரிமாறினாள் என்பதற்காகவே அப்பா இஞ்சித் துவையலை மூன்று முறை கேட்டு வாங்கியிருக்கிறார். அவருக்கு இஞ்சி ஆகவே ஆகாது. அம்மாவோ அவருக்கு உயிர் என்று நினைத்துக்கொண்டு தினமும் அரைத்தாள். மூன்றாம் நாளே, அவர் துவையலைத் தொட்டவுடன் தண்ணீர்ச் செம்பை எடுப்பதைக் கவனித்து அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆனாலும் அவராகச் சொல்லட்டும் என்று அரைப்பதை நிறுத்தவில்லை. அவள் மனம் நோகக் கூடாதென்று அவரும் வாய் திறக்கவில்லை. ஒரு மாதம் கழித்து ஒருநாள் டவுனுக்குப் போய்விட்டு வந்தவர், எலுமிச்சை ஊறுகாய்ப் பொட்டலம் ஒன்றைப் பேசாமல் அம்மியின் மேல் வைத்தாராம்.

இங்கேயும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லாததற்கான காரணம் அந்த இருவரின் குணத்தில் இருக்கிறது. அதுவே அன்பாகவும் அதுவே சிரிப்பாகவும் இருக்கிறது. நான் வாங்கிய நாவலில் காரணம் ஆசிரியரின் தேவையில் இருந்தது. இணையத்தில் தொடராக எழுதும்போது “அடுத்த யூடி (அப்டேட், அதாவது அடுத்த பகுதி) எப்போது?” என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், முடிச்சை இறுக்க நேரமில்லாதவர் அதை நீட்டிவிடுகிறார், பிறகு அப்படியே தொகுத்து மின்னூலாக்கும்போது, அந்த நீட்டலை வெட்ட ஒரு பதிப்பாசிரியர் பெரும்பாலும் இருப்பதில்லை. சிரிக்க வைக்கும் பொறுப்பை நாயகனின் நண்பனிடம் ஒப்படைத்துவிடுவதால், காதலர் இருவரும் சிரிப்பு வராத இரண்டு அழகான முகங்களாக நின்றுவிடுகிறார்கள்.

இது நம் மொழிக்குப் புதிய கலையா என்ன? காமத்துப்பாலின் 250 குறள்களில் புலவி நுணுக்கம் என்ற 132ஆம் அதிகாரத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். இப்பிறவியில் பிரிய மாட்டேன் என்று அவன் சொல்ல, அப்படியானால் மறுபிறவியில் பிரிவாயோ என்று அவள் கண் நிறைய நீர் கொள்கிறாள். அவன் தும்முகிறான், வாழ்த்துகிறாள், உடனே, யார் நினைத்ததால் தும்மினீர் என்று அழுகிறாள். அடுத்த தும்மலை அவன் அடக்கிக்கொள்ள, உம்மவர் நினைப்பதை எனக்கு மறைக்கிறீரோ என்று அதற்கும் அழுகிறாள். வில்லன் இல்லை, சித்தி மகள் இல்லை. ஒரு தும்மல் போதுமானதாக இருக்கிறது.

இதையெல்லாம் கொஞ்சம் சுருக்கி, அந்த மின்னூலுக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்து மதிப்புரை எழுதினேன். பொழுதுபோக்குக் கதைக்கு எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி, பொறாமையா என்று பதில்கள் வந்தன. அது இன்றும் எனக்கு வலிக்கிறது. கண் கட்டோடு படுத்திருப்பவர்கள், பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு அரை மணி நேரம் படிப்பவர்கள், வேலை முடிந்து கடைசிப் பேருந்தில் படிப்பவர்கள் இவர்களுக்காகத்தானே இந்தக் கதைகள் எழுதப்படுகின்றன? அவர்களுக்குக் கொடுப்பதை ஏன் அரைகுறையாகக் கொடுக்க வேண்டும்?

இப்போது நான் மாதிரிப் பக்கங்களில் முதல் சண்டையை மட்டும் படித்துப் பார்க்கிறேன். அதே சண்டையை வேறு எந்த இருவரும் போடலாம் என்றால் வாங்குவதில்லை. அப்படித் தேடி எடுத்த ஒரு நாவலில், திருச்செந்தூர் பாசஞ்சரில் ஜன்னலோர இடத்துக்கு இருவர் மல்லுக்கட்டுகிறார்கள். ஸ்ரீவைகுண்டம் வருவதற்குள் அவளுக்குக் கண் சொக்குவதைப் பார்த்து அவன் எழுந்து இடம் கொடுக்கிறான். தோற்றுப்போய் வாங்குவதாக இருந்தால் வேண்டாம் என்று அவள் உட்கார மறுத்துவிட, குரும்பூர் வரை அந்த இடம் காலியாகவே போகிறது. அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, “அந்த இடத்தை இன்னொரு மட்டம் வாசிளா” என்றாள்.